துளசிமணியின் க்ராஸ்மேட்ச்

போன வாரம் உங்கள் உறுப்புமாற்று லேப்புக்கு வந்திருந்தேன் அல்லவா? அப்போது உங்களில் ஒரு பெண், எக்மோ என்ற செயற்கை நுரையீரல் இயந்திரத்தோடு படுத்து, நுரையீரலுக்குக் காத்திருக்கும் நோயாளி ஒருவரின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, கையில் வைத்துக்கொண்டு, "மேடம், இவங்களுக்கு எந்த டோனர் வந்தாலும் பாசிட்டிவ்தான் வரும்போல இருக்கு" என்று அழாத குறையாகச் சொன்னாள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. அம்மணி, உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இதே முகத்தோடு ஐந்து நாள் கோயமுத்தூரைச் சுற்றி வந்த என்னை நினைத்துச் சிரித்தேன். அந்த ஐந்து நாளின் கதையைத்தான் எழுதுகிறேன். நடுவில் எனக்கே சிரிப்பு வந்து பேனா நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் நம் ஊரில் நுரையீரல் மாற்று என்றால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். எங்களுக்குச் சிறுநீரகம்தான். எங்கள் ஆட்களை உயிரோடு வைத்திருந்தது டயாலிசிஸ் இயந்திரம். ஆனால் சிக்கல் அன்றும் இன்றும் ஒன்றுதான். இயந்திரத்தில் இருப்பவருக்கு ரத்தம் குறைந்துகொண்டே போகும், ஏற்றிக்கொண்டே இருப்போம். வேறொருவர் ரத்தம் உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் உடம்பு அந்த அந்நியனின் அடையாளத்தைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். அதே அடையாளத்தோடு ஒரு உறுப்பு வந்தால், வந்த வேகத்தில் தாக்கிவிடும். இதற்குத்தான் சென்சிடைசேஷன் என்று பெரிய பெயர். பிள்ளை பெற்றாலும் இதே கதை. பிள்ளைக்குள் இருக்கும் அப்பனின் அடையாளத்தை அம்மாவின் உடம்பு குறித்து வைத்துவிடும்.

துளசிமணி என்று ஒரு பெண். பெயரை மாற்றியிருக்கிறேன், வாயை மாற்றவில்லை. கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். முப்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகள். இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் இரண்டு முறை பஸ் ஏறி டயாலிசிஸுக்கு வருவாள். ஊசி குத்தும்போது மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவள் குத்துகிற நர்ஸின் புடவையைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள். "சிரிக்காம குத்துங்க சிஸ்டர், நரம்பு என்றது" என்பாள். 'என்றது' என்றால் எங்கள் கொங்குப் பேச்சில் 'என்னுடையது'.

அந்தக் காலத்தில் ரத்த வங்கி, க்ராஸ்மேட்ச் லேப் இரண்டையும் நானும் இன்னும் இருவரும்தான் பார்த்துக்கொண்டோம். ஒருநாள் துளசிமணிக்கு ஹீமோகுளோபின் தரைக்குப் போய்விட்டது. மூச்சு வாங்குகிறது. அவள் குரூப்பில் எங்களிடம் ஒரு பாட்டில்கூட இல்லை. அவளுடைய தம்பி நாச்சிமுத்து வாசலில் நின்றான். தக்காளி ஏற்றும் டெம்போ ஓட்டுகிறவன். ஆறடி உயரம், குரல் மட்டும் பூனைக்குட்டி போல இருக்கும்.

"ஏனுங்க, என்ற ரத்தத்தை எடுத்துக்குங்க" என்றான்.

"தாராளமா குடுங்க. கூடப் பொறந்தவர் ரத்தத்தைவிட எது ஒசத்தி?" என்றேன் நான்.

இந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நான் சொன்ன அழகான வாக்கியங்களில் இதுதான் ஆகப்பெரிய முட்டாள்தனம். நாளைக்குச் சிறுநீரகம் கொடுக்கக்கூடியவனின் ரத்தத்தை இன்றைக்கு ஏற்றுவது, அவனுடைய அடையாளத்தை அக்காவின் உடம்புக்கு நாமே அறிமுகம் செய்து வைப்பது. எனக்கு அது தெரியும். படித்திருந்தேன். அந்த நேரம் அவள் மூச்சு வாங்கியதும் அவன் கண் கலங்கியதும்தான் தெரிந்தது, படித்தது தெரியவில்லை. பத்து நாள் ரத்தம் தேடி அலைவதற்குப் பதிலாக மூன்று மாதம் கழித்து இன்னொரு முறையும் அவனிடமே வாங்கினேன். இரண்டாம் முறை அவனுக்கு நானே காபி வாங்கிக் கொடுத்துப் பாராட்டினேன்.

ஒரு வருடம் போனது. டயாலிசிஸுக்காகத் துளசிமணியின் கையில் செய்திருந்த ரத்தக்குழாய் இணைப்பு அடைத்துப்போனது. மறுகையிலும் அடைத்தது. கழுத்தில் குழாய் போட்டார்கள். அதுவும் ஒரு வாரத்தில் காய்ச்சல் காட்டத் தொடங்கியது. எங்கள் சிறுநீரக டாக்டர் சிடுசிடுப்பானவர். ஆனால் பொய் சொல்ல மாட்டார். "இந்தக் குழாயை எடுத்தா அடுத்ததப் போட எடம் இல்ல. கிட்னி மாத்துறதா இருந்தா இப்பவே மாத்தணும்" என்றார்.

முதலில் வந்தவர் அவள் கணவர் கிட்டுசாமி. பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ரெண்டுல நல்லதா ஒண்ணப் பாத்து எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

க்ராஸ்மேட்ச் உங்களுக்குத் தெரிந்ததுதான். இப்போது உங்களுக்கு மெஷின் எண்ணிச் சொல்கிறது. எங்களுக்குக் கண்தான். கொடுப்பவரின் வெள்ளணுக்களோடு நோயாளியின் சீரத்தைக் கலந்து, முயல் சீரம் ஒரு சொட்டு விட்டு, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். உயிரோடு இருக்கும் அணுக்கள் பளபளவென்று மணிமணியாக மின்னும். சீரத்தில் இருக்கும் எதிர்ப்பால் செத்தவை சாயத்தைக் குடித்து நீலமாகிக் கிடக்கும். மின்னினால் ஒத்துப்போகும், நீலமானால் பாசிட்டிவ், ஆபத்து. கிட்டுசாமியின் தட்டு முழுக்க நீலம்.

அவரிடம் போய்ச் சொன்னேன். "மூணு கொழந்தைய பெத்ததுல அவங்க ஒடம்பு உங்கள அடையாளம் கண்டு வெச்சிருக்குங்க. உங்களோடது ஒத்துக்காது."

"அது எனக்குக் கல்யாணமான மறுநாளே தெரியுமுங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்புறம் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, முகத்தை அதிலேயே துடைத்துக்கொண்டார்.

அடுத்தது நாச்சிமுத்து. தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நீலம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நீலம்.

இது நான் செய்த வேலை. நான் ஏற்றிய இரண்டு பாட்டில். டாக்டருக்கு அவள் ரத்தம் ஏற்றிக்கொண்டது தெரியும், யாருடைய ரத்தம் என்பது தெரியாது. அது ரத்த வங்கிப் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருந்தது. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன், மூடினேன். "பாசிட்டிவ் சார்" என்று மட்டும் போய்ச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் பயந்தாங்கொள்ளி என்பதை அன்றுதான் எனக்கு நானே நிரூபித்துக்கொண்டேன்.

மறுநாள் ஒரு வேன் வந்து நின்றது. துளசிமணியின் அப்பா, அண்ணன், இரண்டு அக்காமார். சிறுநீரகம் கொடுக்க வந்தவர்கள் இந்த நான்கு பேர்தான். ஆனால் வேனில் பதினான்கு பேர் இருந்தார்கள். மீதிப் பத்துப் பேர் தைரியம் சொல்ல வந்த ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம். தூக்குப்போசியில் எலுமிச்சம்பழச் சோறு, ஒரு சிப்பம் முறுக்கு, குழந்தைகள், ஒரு குடை. லேப் வராண்டா கல்யாண மண்டபமாகிவிட்டது. அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம். "நான் தோட்டத்துல இன்னும் மம்புட்டி புடிக்கிறனுங்க, நீங்க குத்துங்க" என்று கையை நீட்டினார். ரத்தம் எடுத்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கூட்டமே ஒரு முறுக்கு கொடுத்து உபசரித்தது. எனக்கும் கிடைத்தது. அந்த முறுக்கை மென்றுகொண்டேதான் நான்கு தட்டுகளையும் போட்டேன்.

அப்பா நீலம். அண்ணன் நீலம். பெரிய அக்கா, சின்ன அக்கா, இருவரும் நீலம்.

டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பொம்பளை ஒடம்பு ஒலகத்துல யாரையும் விடாது போல. வந்தவங்கள எல்லாம் ஊருக்குப் போகச் சொல்லிருங்க" என்றார்.

அதை அவளிடமும் சொல்ல வேண்டியவள் நான். துளசிமணி டயாலிசிஸில் படுத்திருந்தாள். கழுத்துக் குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது, காய்ச்சலில் உதடு காய்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். வீட்டுக்காரர் இல்லை, தம்பி இல்லை, அப்பா இல்லை, அண்ணன் இல்லை, அக்காமார் இல்லை. அவள் மேற்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நான் கைக்குட்டையை எடுத்தேன்.

"ஏனுங்க அம்மணி, ஊர்ல ஒருத்தரோடதும் எனக்கு ஒத்துக்கல. என்றது எனக்கு ஒத்துக்குதான்னு பாத்தீங்களா?" என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுந்து கதவு வரைக்கும் போனேன். கதவில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பார்க்கவில்லை! ஐயோ, பார்க்கவே இல்லை!

அவளுடைய வெள்ளணுக்களையே அவளுடைய சீரத்தோடு கலந்து பார்க்கும் ஆட்டோ க்ராஸ்மேட்ச் எங்கள் கையேட்டிலேயே இருந்தது. அதற்கு அவளிடமிருந்து கூடுதலாகப் பத்து மில்லி ரத்தம் எடுக்க வேண்டும். ஏற்கெனவே ரத்தம் இல்லாதவளிடம் எதற்கு என்று ஒவ்வொரு முறையும் இரக்கப்பட்டு அதை விட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். என் இரக்கத்துக்கு ஒரு கும்பிடு.

திரும்பி ஓடி வந்தேன். "துளசிமணி, பத்து மில்லி வேணும்."

"எதுக்குங்க?"

"நீங்க கேட்டதப் பாக்கறதுக்கு!"

"அட, நான் சும்மா சொன்னனுங்க!" என்று கத்தினாள். நான் அதற்குள் ஊசியைப் பிரித்துவிட்டேன்.

ஐந்து மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தேன். நீலம்! அவளுடைய சொந்த அணுக்கள் அவளுடைய சொந்த சீரத்தில் செத்துக் கிடந்தன! நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்த சிறுநீர்ப் பரிசோதனைக்காரர் ஒரு பாட்டிலைக் கீழே போட்டுவிட்டார். என்ன பாட்டில் என்று கேட்காதீர்கள்.

எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்கிறீர்களா? அடுத்தவர் உறுப்பைத் தாக்கும் ஆன்டிபாடி சொந்த அணுவைத் தொடாது. சொந்த அணுவையே தாக்குகிறது என்றால் அவள் சீரத்தில் வேறு ஏதோ ஒரு ஆன்டிபாடி, யாரைப் பார்த்தாலும் குரைக்கிற ரகம், எல்லாத் தட்டிலும் புகுந்து நீலமாக்கிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் இது ஐஜிஎம் வகை. சிறுநீரகத்தை ஒன்றும் செய்யாது. அது போடும் சத்தத்துக்கு அடியில் உண்மையான ஆபத்து, அதாவது ஐஜிஜி வகை, இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. ஐஜிஎம்மை உடைத்துவிட்டால் அது தெரிந்துவிடும். உடைக்க டிடிடி என்று ஒரு ரசாயனம் வேண்டும். எங்கள் லேப்பில் அது தீர்ந்து மாதக்கணக்காகியிருந்தது. மெட்ராஸிலிருந்து வரவழைத்தால் ஒரு வாரம். துளசிமணியின் காய்ச்சல் ஒரு வாரம் பொறுக்காது.

டாக்டரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மேஜையில் தட்டினார். "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள கெடைச்சா பாருங்க. இல்லாட்டி குழாய எடுத்துருவேன்."

அன்று ராத்திரி வரைக்கும் போன் சுற்றினேன். மருத்துவமனைகளில் ஒருவரிடமும் இல்லை. மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர்தான் ஒரு யோசனை சொன்னார். கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர் அவர். "ஆஸ்பத்திரியையே கேக்கறயே, விதை ஆராய்ச்சி பண்றவங்ககிட்ட கேட்டயா? போன மாசம் அவங்க மெஷினுக்கு ஒரு ஷாஃப்ட் கடைஞ்சு குடுத்தேன். ரூம் பூரா அழுகின முட்டை நாத்தம். கேட்டா ஏதோ கெமிக்கல்னாங்க."

அழுகின முட்டை நாற்றம்! டிடிடி அப்படித்தான் நாறும். என் கல்யாண வாழ்க்கையில் அவர் சொன்னவற்றிலேயே இனிமையான சொல் அதுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் நாச்சிமுத்து டெம்போவோடு நின்றிருந்தான். "ஏறுங்க, நான் கொண்டு போறேன்" என்றான். பின்னால் தக்காளிப் பெட்டிகள் இறக்கப்படாமலேயே இருந்தன. மடியில் ஐஸ் போட்ட பிளாஸ்கோடு நான் முன்னால் உட்கார்ந்தேன். மேம்பாலம் ஏறும்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"நாச்சிமுத்து, ஒண்ணு சொல்லணும். நீங்க அக்காவுக்கு ரெண்டு தடவ ரத்தம் குடுத்தீங்கல்ல."

"ஆமாங்க. கூடப் பொறந்தவன் ரத்தம்தான் ஒசத்தின்னு நீங்ககூடச் சொன்னீங்களே."

"நான் சொன்னது தப்பு. கிட்னி குடுக்கக்கூடியவங்க ரத்தத்த ஏத்தக் கூடாது. அந்த ரத்தத்தப் பாத்துத்தான் அவங்க ஒடம்பு உங்களுக்கு எதிரா திரும்பியிருக்கலாம்."

அவன் கியரை மாற்றினான். பாலம் இறங்கியதும் ஓரமாக வண்டியை நிறுத்தினான். இறக்கிவிடப் போகிறான் என்றே நினைத்தேன்.

"என்ற ரத்தமே அவளுக்கு ஆகாமப் பண்ணிப்போட்டுதுங்களா?" என்றான்.

"தெரியல. தெரிஞ்சுக்கத்தான் போறோம்."

ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான். "நீங்க சொல்லாட்டியும் நான் குடுத்திருப்பனுங்க. மூச்சு வாங்கிட்டுக் கெடந்தா. சரி, இது டாக்டருக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது."

"அவரு பாத்துச் செய்யறவரு. இது தெரியாமச் செஞ்சா வேற மாதிரி ஆயிப்போயிருமுங்க. சொல்லிப்போடுங்க." அவ்வளவுதான். வண்டியை எடுத்தான். அந்தப் பூனைக்குட்டிக் குரலில் அவன் சொன்னதுபோல வேறு யாரும் என்னைக் கண்டித்ததில்லை.

விதை ஆய்வகத்தில் ஒரு இளைஞர் பருத்திக்கொட்டையிலிருந்து புரதம் பிரித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் சொன்ன நாற்றம் வாசலிலேயே வரவேற்றது. எனக்கு மல்லிகை மணமாக இருந்தது. அவர் முதலில் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார், பிறகு அதிகாரி ஊரில் இல்லை என்றார். நான் ஐஜிஎம், ஐஜிஜி என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். நாச்சிமுத்து மெதுவாக முன்னால் வந்து, "ஏனுங்க சார், என்ற அக்காளுக்குங்க. அவளுக்கு மூணு பசங்க. சித்தெ குடுத்தீங்கன்னா போதுமுங்க" என்றான். இளைஞர் அண்ணாந்து அந்த ஆறடியைப் பார்த்தார். ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் தூளைப் போட்டு, சரியாக எவ்வளவு என்று எழுதி ஒட்டியும் கொடுத்தார். வெளியே வரும்போது அவர் மேஜை மேல் ஒரு கூடைத் தக்காளி இருந்தது. அதை எப்போது கொண்டுபோய் வைத்தான் என்று எனக்குத் தெரியாது.

அன்று மதியம் முதலில் மூன்று வரிசை போட்டேன். துளசிமணியின் சொந்த அணுக்கள், நாச்சிமுத்துவினுடையவை, கிட்டுசாமியினுடையவை. மூன்றுக்கும் டிடிடி சேர்த்த சீரம். லேப் நாறியது. ஜன்னலைத் திறந்தால், ஊருக்குப் போகாமலேயே வராண்டாவில் இருந்த ஒறம்பரை மூக்கைப் பொத்திக்கொண்டு படி இறங்கிப் போனது.

முதல் வரிசை, அவளுடைய சொந்த அணுக்கள். மின்னின. நான் நினைத்தது சரி; குரைத்த நாய் வாயை மூடிவிட்டது. மூன்றாவது வரிசையை அடுத்துப் பார்த்தேன், இரண்டாவதைப் பார்க்கத் தைரியமில்லாமல். கிட்டுசாமி நீலம்தான். அது உண்மையான எதிர்ப்பு. ரசாயனம் எல்லாவற்றையும் அழித்துவிடவில்லை, பிரித்துத்தான் காட்டுகிறது என்பதும் நிச்சயமானது. பிறகு நாச்சிமுத்து.

மின்னின. அத்தனையும். தட்டில் யாரோ சர்க்கரையைக் கொட்டியதுபோல.

டாக்டர் வந்து ஒரு கண்ணால் பார்த்தார், மறுகண்ணால் பார்த்தார். சிடுசிடுப்பான மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட வேலை செய்த பெண் குதித்தாள். யாரோ வராண்டாவில் சொல்லிவிட்டார்கள், பதினான்கு பேரும் கத்தினார்கள். டாக்டர் தியேட்டருக்குச் சொல்லப் போனை எடுத்துவிட்டார்.

கண்ணுகளா, நெருக்கடியில் முடிவெடுப்பது எப்படி என்று என்னிடம் கேட்கிறீர்கள். பயத்தில் நான் எடுத்த முடிவுகளைவிடச் சந்தோஷத்தில் எடுத்த முடிவுகள்தான் என்னை அதிகம் பயமுறுத்துகின்றன. அந்த நேரத்தில் எல்லாரும் குதிக்கும்போது வாயைத் திறப்பதைவிட ஒரு கிணற்றில் குதிப்பது எளிது. ஆனால் டெம்போவில் கேட்ட குரல் காதில் இருந்தது.

"சார், போன வைங்க" என்றேன். "இந்தத் தம்பியோட ரத்தத்தத்தான் போன வருசம் ரெண்டு தடவ அவங்களுக்கு ஏத்தினது. ஏத்தச் சொன்னது நான். முதல் ரிப்போர்ட்டு வந்தப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல."

குதித்த பெண் நின்றுவிட்டாள். டாக்டர் போனை வைத்தார். அந்தச் சத்தம் எனக்கு மறக்காது.

"இதப் பத்தி உங்ககிட்ட அப்புறம் பேசறேன்" என்றார். பேசவும் செய்தார், ஒரு வாரம் கழித்து, கதவைச் சாத்திக்கொண்டு. அதை இங்கே எழுத மாட்டேன். அந்த நேரம் அவர் கேட்டது ஒன்றுதான்: "ரத்தம் ஏத்தி ரெண்டு மூணு வாரம் கழிச்சு எடுத்த சீரம் இருக்கா?"

ஏன் கேட்டார் தெரியுமா? எதிர்ப்பு அப்போது உச்சத்துக்குப் போயிருந்து, இப்போது வடிந்திருக்கலாம். இன்றைய சீரம் நல்ல பிள்ளைபோல் இருக்கும். சிறுநீரகத்தை வைத்தவுடன் உடம்புக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். அவனுடைய ரத்தம்தான் ஏறியது என்று தெரிந்திருக்காவிட்டால் பழைய சீரத்தைத் தேட யாருக்கும் தோன்றியிருக்காது.

ஃப்ரீசரின் அடித்தட்டில் இருந்தது. ஐஸ் மூடிக் கிடந்த பெட்டியை வெந்நீர் ஊற்றிப் பெயர்த்து எடுத்தேன். இரண்டு குழாய்கள், இரண்டிலும் அவள் பெயர். மறுநாள் காலை ஏழு மணிக்கு, மீதி டிடிடியைச் சேர்த்து நாச்சிமுத்துவின் அணுக்களோடு ஆரம்பித்தேன். மதியம் பார்த்தபோது, முதல் குழாய் மின்னியது. இரண்டாவதும் மின்னியது. இந்த முறை நான் சத்தம் போடவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி, தரையில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் சிரித்தேன்.

வெளியூருக்கு அனுப்பியிருந்த டைப்பிங், அதாவது திசு அடையாளப் பரிசோதனையின் முடிவு, பின்னால்தான் வந்தது. அக்காவும் தம்பியும் அப்பா அம்மாவிடமிருந்து ஒரே அடையாளங்களை வாங்கியிருந்தார்கள். நான்கில் ஒரு வாய்ப்பு. அவன் ரத்தத்தில் அவள் உடம்புக்கு அந்நியமாக எதுவும் இல்லை, அதனால் எதிர்க்கக் கற்றுக்கொள்ளவும் இல்லை. இது என் அதிர்ஷ்டம். அதனால் நான் செய்தது சரியென்று ஆகிவிடாது. மற்ற மூன்று வாய்ப்புகளில் ஒன்று விழுந்திருந்தால் இதை இப்படிச் சிரித்துக்கொண்டு எழுதியிருக்க மாட்டேன்.

அறுவை சிகிச்சை அடுத்த நாள் காலை நடந்தது. நான் லேப்பில் உட்கார முடியாமல் தியேட்டர் வாசலில் ஒறம்பரையோடு போய் நின்றேன். உள்ளே சிறுநீரகத்தைப் பொருத்தி, கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தவுடன் அது இளஞ்சிவப்பாகிக் கிண்ணென்று நின்றதாம். அடுத்த சில நிமிடத்தில் மேஜை மேலேயே சிறுநீர் பீய்ச்சி, சிடுசிடு டாக்டரின் அங்கியை நனைத்ததாம். அவர் அந்த ஈர அங்கியோடு வெளியே வந்து வேட்டி கட்டி நின்ற துளசிமணியின் அப்பாவிடம், "மூத்திரம் வந்துருச்சுங்க" என்றார். எட்டு வருடம் அவரோடு வேலை பார்த்ததில் அவர் எங்கள் ஊர் மரியாதையாக ஒரு கூடுதல் 'ங்க' போட்டு நான் கேட்டது அன்றுதான்.

அந்த வார்த்தைக்கு இப்படி ஒரு கைதட்டலை நான் எங்கும் கேட்டதில்லை. கிட்டுசாமி வராண்டாவில் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் முறுக்கு கொடுத்தார். "என்ன விசேசங்க?" என்று கேட்ட வேறு வார்டு ஆட்களுக்கு, "என்ற ஊட்டுக்காரி ஒண்ணுக்குப் போயிட்டாளுங்க!" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். அவர்களும் வாங்கிக்கொண்டு வாழ்த்தினார்கள்.

நாச்சிமுத்துவுக்கு விலாவில் நீளமான வெட்டு. அந்தக் காலத்து வெட்டு. சிரித்தால் உயிர் போகும். மறுநாள் அவனைப் பார்க்கப் போய், அக்காவுக்கு நேற்றிலிருந்து ஏழு லிட்டர் போயிருக்கிறது என்றேன்.

"ஏழு லிட்டருங்களா?" கண் விரிந்தது. "அது பூராவும் என்றதுங்களா?"

"பூராவும் உங்களுதுதான்."

சிரித்துவிட்டான். உடனே விலாவைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, போயிருங்க, போயிருங்க" என்று கெஞ்சினான். கெஞ்சிக்கொண்டே மறுபடியும் சிரித்தான்.

அங்கிருந்து துளசிமணியைத் தனியாக வைத்திருந்த கண்ணாடி அறைப் பக்கம் போனேன். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். துளசிமணி இரண்டு வருடமாகத் தாகத்துக்கு நாக்கை நனைத்துக்கொண்டு வாழ்ந்தவள். நான் கண்ணாடிக்கு வெளியே நிற்கும்போது நர்ஸ் அவள் கையில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீரைக் கொடுத்தாள். துளசிமணி அதை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி நர்ஸைப் பார்த்தாள். உதட்டசைவில் எனக்குப் புரிந்தது: "முழுசாவுங்களா?" நர்ஸ் தலையாட்டினாள்.

அவள் அண்ணாந்து குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். தண்ணீர் தாடையில் வழிந்து, கழுத்துக் கட்டுத்துணியை நனைத்து, போர்வையில் கொட்டியது. நர்ஸ் மெல்ல மெல்ல என்று கையைக் காட்டினாள். அவள் கேட்கவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுச் சொம்பை மடியில் வைத்தாள், மூச்சு வாங்கினாள், புறங்கையால் வாயைத் துடைத்தாள். பிறகு கண்ணாடிக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்துச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.